ஜன்னல் தாழ்ப்பாள் வரை சோதிக்கும் நியூயார்க்: வாடகை உதவியை யார் கண்காணிக்கிறார்கள் தெரியுமா?

2024 ஜூன் 3 முதல் 9 வரை, ஒரே ஒரு வாரம். நியூயார்க் நகர வீட்டுவசதி ஆணையம் தன் வாடகை உதவித் திட்டத்தின் காத்திருப்புப் பட்டியலைத் திறந்தது. 2009 டிசம்பரில் மூடிய பட்டியல் அது. அந்த ஏழு நாளில் எத்தனை விண்ணப்பங்கள் குவிந்தன தெரியுமா? 6 லட்சத்து 33 ஆயிரத்துக்கும் மேல்! கணினிக் குலுக்கலில் தேர்வானது 2 லட்சம். அவர்களுக்கும் கிடைத்தது வரிசையில் ஓர் இடம் மட்டும்தான். மாதம் ஆயிரம் பேர் வரை அழைத்து 'வவுச்சர்' எனும் உதவிச் சீட்டைக் கொடுப்போம் என்றது ஆணையம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: கடைசி ஆள் வரை அழைக்க 200 மாதம், அதாவது பதினாறு ஆண்டுக்கு மேல்!

இவ்வளவு பேர் ஏங்கும் அந்த உதவிக்கு அங்கே எல்லோரும் சொல்லும் பெயர் 'செக்‌ஷன் 8'. 1937-ல் வந்த அமெரிக்க வீட்டுவசதிச் சட்டத்தின் எட்டாவது பிரிவை 1974-ல் திருத்தி எழுதினார்கள். அதிபர் ஜெரால்டு ஃபோர்டு கையெழுத்திட்டார். ஐம்பது ஆண்டு கடந்தும் அந்தப் பிரிவு எண்ணே திட்டத்தின் பெயராக நிற்கிறது. நாடு முழுக்க இன்று 23 லட்சம் குடும்பங்களின் தலைக்கு மேல் ஒரு கூரை இருப்பது இதனால்தான். அவற்றில் ஒரு லட்சத்தை ஒட்டிய குடும்பங்கள் நியூயார்க் ஆணையத்தின் பொறுப்பில் இருக்கின்றன. நாட்டிலேயே மிகப் பெரிய செக்‌ஷன் 8 நிர்வாகம் இதுதான்.

பணம் எப்படிப் போகிறது? குடும்பம் தன் வருமானத்தில் சில கழிவுகள் போக மீதியில் 30 சதவீதம் வாடகைக்குக் கொடுக்கும். மிச்சத்தை ஆணையம் நேராக வீட்டுக்காரருக்கு அனுப்பும். மாதம் 2,000 டாலர் கணக்கில் வருகிற குடும்பம் 2,200 டாலர் வீட்டில் இருந்தால், கையிலிருந்து 600, ஆணையத்திடமிருந்து 1,600. 'வருமானத்தில் இத்தனை பங்குக்கு மேல் வாடகை கேட்காதே' என்ற வரம்பை அரசு வீடுகளுக்காக 1969-ல் சட்டத்தில் ஏற்றியவர் யார் தெரியுமா? மாசசூசெட்ஸ் செனட்டர் எட்வர்டு புரூக். மக்களின் நேரடி வாக்கில் அமெரிக்க செனட்டுக்குத் தேர்வான முதல் கறுப்பினத்தவர். அவர் போட்ட கோடு 25 சதவீதம். 1981-ல்தான் அது 30 ஆனது.

இனிதான் வியப்பே. அரசுப் பணம் தனியார் வீட்டுக்குள் போகிறதே, அந்த வீடு மனிதர் வாழத் தகுந்ததா என்று யார் பார்ப்பது?

ஒரு இன்ஸ்பெக்டர் கதவைத் தட்டுவார். அவர் கையில் இருக்கும் படிவம் அறை அறையாகப் போகும். ஹாலில் ஜன்னல் உண்டா? தெருவிலிருந்து எட்டக்கூடிய ஜன்னலுக்குத் தாழ்ப்பாள் விழுகிறதா? படுக்கையறையில் இரண்டு பிளக் பாயின்ட் இருந்தால் இரண்டிலும் கரன்ட் வருகிறதா? சமையலறைக் குழாயைத் திறந்து, சுடுதண்ணீர் வரும்வரை காத்திருப்பார். அடுப்பைப் பற்றவைப்பார். ஃபிரிட்ஜைத் திறந்து குளிர்கிறதா என்று பார்ப்பார். கழிப்பறைக் கதவு சாத்துகிறதா, தண்ணீர் இறங்குகிறதா? நாலு படியோ அதற்கு மேலோ இருந்தால் கைப்பிடி வேண்டும். மாடிக்கு மாடி புகை அலாரம் வேண்டும். எலி நடமாட்டம் இருந்தால் அதுவும் தேறாது. இந்தச் சோதனை தேறாமல் ஒரு டாலர்கூட வீட்டுக்காரருக்குப் போகாது! குடியேறிய பிறகும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது இதே சோதனை நடக்கும். நடுவில் குடியிருப்பவர் புகார் செய்தால் அப்போதும் நடக்கும்.

பெயின்ட் விஷயம் தனி. வீடு 1978-க்கு முன் கட்டியதா, வீட்டில் ஆறு வயதுக்குள் குழந்தை உண்டா? அப்படியானால் ஜன்னல் விளிம்பில் உரிந்து நிற்கும் ஒரு செதில் பெயின்ட்கூட வழக்காகிவிடும். அந்தச் செதிலில் ஈயம் இருக்கலாம்; தவழும் குழந்தை அதை வாயில் போட்டால் மூளை வளர்ச்சியே பாதிக்கும். வீடுகளில் ஈயப் பெயின்ட்டுக்கு அமெரிக்கா முழுக்கத் தடை வந்தது 1978-ல். நியூயார்க் நகரம் அதைத் தடை செய்தது எப்போது தெரியுமா? 1960-ல்! பதினெட்டு ஆண்டு முன்னதாக! ஒரு நகராட்சி விழித்துக்கொண்டால் எத்தனை குழந்தைகள் தப்பிக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கோளாறு கண்டுபிடித்தால் என்ன ஆகும்? கேஸ் கசிவு போல உயிருக்கு ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் சரிசெய்தாக வேண்டும். மற்றதற்கு 30 நாள் கெடு. கெடு தாண்டினால் வீட்டுக்காரருக்குப் போகும் ஆணையத்தின் பங்கு நின்றுவிடும். இதில் எனக்கு மிகவும் பிடித்த விதி என்ன தெரியுமா? நின்றுபோன அந்தப் பங்கை 'நீ கொடு' என்று குடியிருப்பவரிடம் வீட்டுக்காரர் கேட்கவே முடியாது. ஏழைக் குடும்பம் தன் 600 டாலரைக் கொடுத்தால் போதும். வீட்டுக்காரரின் அலட்சியத்துக்குக் குடியிருப்பவரைத் தண்டிக்காத விதி. எழுதியவர்கள் வாடகை வீட்டின் வலி தெரிந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

சரி, அந்த இன்ஸ்பெக்டர் உண்மையிலேயே சுடுதண்ணீர் வரும்வரை காத்திருந்தாரா, அல்லது வாசலில் நின்றபடியே எல்லாவற்றுக்கும் டிக் அடித்துவிட்டுப் போனாரா? அதையும் விடவில்லை! கடந்த மூன்று மாதத்துக்குள் பார்த்த வீடுகளில் சிலவற்றைப் பொறுக்கி, மேற்பார்வையாளர் மறுபடி போய்ப் பார்க்க வேண்டும். வீட்டைப் பார்ப்பவரைப் பார்க்க ஒருவர். அவரை உள்ளடக்கிய ஆணையம் முழுவதையும் பார்க்க வாஷிங்டன்! மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற மேம்பாட்டுத் துறையை அங்கே 'ஹட்' என்பார்கள். நிதியாண்டு முடிந்த 60 நாளுக்குள் ஆணையம் 14 அம்சங்களில் தன் வேலை எப்படி என்று உறுதிமொழி எழுதி அங்கே அனுப்ப வேண்டும். பட்டியல் வரிசைப்படி ஆளை அழைத்தாயா? வருமானத்தைச் சரியாகக் கணக்கிட்டாயா? வாடகைப் பங்கைத் தப்பில்லாமல் போட்டாயா? வீடுகளைக் காலத்தில் சோதித்தாயா? சிலவற்றை வெளித் தணிக்கையாளர் சரிபார்ப்பார். சிலவற்றை ஹட் தன் கணினித் தரவோடு ஒப்பிடும். 90 சதவீதம் எடுத்தால் 'உயர்ந்த செயல்பாடு'. 60-க்குக் கீழே போனால் 'சிக்கலில் இருக்கும் ஆணையம்' என்ற முத்திரை. நம் ஊர்ப் பிள்ளைகளின் மார்க் ஷீட்டைப் போல ஒரு மாநகரத்துக்கே மார்க் ஷீட்!

வாடகைக்கும் கடிவாளம் உண்டு. அரசுதானே கொடுக்கிறது என்று வீட்டுக்காரர் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. அதே வட்டாரத்தில், அதே அளவில், உதவி இல்லாமல் வாடகைக்கு விட்ட வீடுகள் என்ன விலைக்குப் போகின்றன என்று ஆணையம் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் ஒப்பந்தம். ஒப்பந்தத்துக்கு வெளியே 'கையில் தனியாக நூறு டாலர் கொடு' என்பது சட்டமீறல். பெற்ற பிள்ளைக்கோ உடன்பிறந்தவருக்கோ வீட்டை விட்டுவிட்டு அரசிடம் வாடகை வாங்கவும் முடியாது. மாற்றுத்திறனாளிக்கு அது தேவை என்றால் மட்டும் விலக்கு.

குடும்பத்தின் பக்கமும் சோதனைதான். சம்பளப் பதிவு, சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியப் பதிவு எல்லாம் ஒரு மத்தியக் கணினியில் வந்து பொருந்தும். வருமானத்தை மறைத்தால் அகப்பட்டுக்கொள்வார்கள். ஆனால் கணினி சொல்லிவிட்டது என்பதற்காக உதவியை வெட்டிவிட முடியாது. குடும்பம் விசாரணை கேட்கலாம். முதல் முடிவை எடுத்தவரோ அவருக்குக் கீழே வேலை செய்பவரோ அந்த விசாரணையை நடத்தக் கூடாது. தனக்கு எதிரான காகிதங்களை முன்கூட்டியே பார்க்கலாம். வக்கீலை அழைத்து வரலாம். இந்த உரிமையின் வேர் எங்கே இருக்கிறது தெரியுமா? அதே நியூயார்க்கில்! நகரத்தில் உதவித்தொகை வாங்கி வந்த ஏழைகள் சிலர், 'எங்களைக் கேட்காமல் எப்படி நிறுத்தினீர்கள்?' என்று வழக்குப் போட்டார்கள். 'கோல்ட்பர்க் எதிர் கெல்லி' என்ற அந்த வழக்கில், முதலில் விசாரி, பிறகு நிறுத்து என்று 1970-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகுதான் அமெரிக்க நலத்திட்டங்களில் ஏழைக்கும் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசும் வழக்கம் வேரூன்றியது.

சம்பளம் உயர்ந்தால் 30 சதவீதக் கணக்கில் வாடகைப் பங்கும் உயர்ந்துவிடுமே, பிறகு யார் கூடுதலாக உழைப்பார்கள் என்று கேட்கத் தோன்றுகிறதா? 1990-ல் அதற்கும் வழி கண்டார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்த குடும்பம் கூடுதலாகக் கட்டும் வாடகைக்கு ஈடான தொகையை ஆணையம் ஒரு சேமிப்புக் கணக்கில் போட்டு வரும். இலக்கை எட்டினால் அந்தப் பணம் குடும்பத்துக்கே! இதில் குடும்பங்களைச் சேர்ப்பதற்கும் அந்த 14-ல் ஓர் அம்சம் உண்டு.

வீடு மாறினால் வாழ்க்கை மாறுமா? இதைச் சோதித்தே பார்த்தார்கள் தெரியுமா? 1994 முதல் 1998 வரை நியூயார்க், பாஸ்டன், பால்டிமோர், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ் ஆகிய ஐந்து நகரங்களில், வறுமை மண்டிய அரசுக் குடியிருப்புகளிலிருந்து 4,600 குடும்பங்களைச் சேர்த்துக் குலுக்கல் போட்டார்கள். சிலருக்கு வறுமை குறைந்த வட்டாரத்தில் மட்டுமே செல்லும் வவுச்சர், சிலருக்கு வழக்கமான வவுச்சர், சிலருக்கு எதுவும் இல்லை. பெரியவர்களின் சம்பளம் அசையவில்லை. திட்டம் தோற்றது என்றே பலர் எழுதினார்கள். 2015-ல் மூன்று பொருளியலாளர்கள் வரிக் கணக்குகளைப் புரட்டி, அன்றைய குழந்தைகள் வளர்ந்து என்ன ஆனார்கள் என்று தேடினார்கள். பதின்மூன்று வயதுக்கு முன்பே நல்ல வட்டாரத்துக்குப் போன குழந்தைகள், இருபதுகளின் நடுவில், போகாதவர்களைவிட 31 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள்! அந்த மூவரில் ஒருவர் ராஜ் செட்டி, புதுதில்லியில் பிறந்து ஒன்பது வயதில் அமெரிக்கா போன தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை.

இத்தனை கண்கள் பார்த்தும் ஒரு பெரிய ஓட்டை அடைபடவில்லை. அதை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை. வவுச்சர் கைக்கு வந்ததும் வீடு வந்துவிடாது. வீட்டை நீங்களேதான் தேட வேண்டும். குறைந்தது 60 நாள் தருவார்கள், நீட்டிக்கவும் செய்வார்கள். அதற்குள் கிடைக்காவிட்டால் காலாவதி. 2019-ல் நாடு முழுக்க வவுச்சர் வாங்கியவர்களில் பத்துக்கு ஆறு பேர்தான் வீடு பிடித்தார்கள். ஆண்டுக்கணக்கில் காத்திருந்து கையில் வாங்கிய காகிதம், மற்ற நாலு பேருக்கு வெறும் காகிதமாகவே போனது. இது அந்த மார்க் ஷீட்டில் தெரியுமா? தெரியாது! ஒதுக்கிய வவுச்சர்களில் எத்தனை பயன்பாட்டில் இருக்கின்றன என்றுதான் அது கேட்கிறது. தோற்றவருடையதை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டால் ஆணையத்தின் மதிப்பெண் முழுசாக இருக்கும். வீடு தேடித் தோற்றவர் எத்தனை பேர், ஏன் தோற்றார்கள் என்று ஒரு வரி அதில் சேர்ந்தே ஆக வேண்டும்.

பணம் வற்றினாலும் அடி வீடு தேடுபவர்களுக்குத்தான். 2009 டிசம்பரில் நியூயார்க் ஆணையம் மத்திய நிதி பற்றாமல், ஏற்கெனவே கொடுத்திருந்த 2,500-க்கும் மேற்பட்ட வவுச்சர்களைத் திரும்ப எடுத்துக்கொண்டது. எல்லாம் வீடு தேடிக்கொண்டிருந்தவர்கள் கையில் இருந்தவை!

வீட்டுக்காரர் கதவைச் சாத்தினால் கேட்க ஆள் உண்டா? நியூயார்க்கில் உண்டு! 'செக்‌ஷன் 8-ஆ? வேண்டாம்' என்று சொல்வதே அங்கே சட்டமீறல். 2008-ல் மேயர் புளூம்பெர்க் இந்தச் சட்டத்துக்கு ஒப்புதல் தர மறுத்தார். நகர மன்றம் அவர் மறுப்பைத் தாண்டி நிறைவேற்றியது. இன்று நகரத்தின் மனித உரிமை ஆணையம் வாடகைக்கு வருபவரைப் போலவே ஆட்களை அனுப்பிச் சோதிக்கிறது. தொலைபேசியில் 'வீடு இருக்கிறது, வாருங்கள்' என்ற குரல், வவுச்சர் என்றதும் 'போய்விட்டது' என்று மாறினால் அதுவே சாட்சி. 2024-ல் பிராங்ஸ் பகுதியில் ஆயிரக்கணக்கான வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பின் நிர்வாகம் இப்படிச் சிக்கியது. 10 லட்சம் டாலர் அபராதம்; அதோடு 850 வீடுகளை வவுச்சர் வைத்திருப்பவர்களுக்கென்றே ஒதுக்க வேண்டும் என்று உடன்பாடு!