சிறு வைபவங்களுக்குப் பத்திரிகை வைக்கும் முறை

கோவலன் கண்ணகி திருமணத்தைப் புகார் நகருக்கு அறிவித்தது ஓலை அல்ல. நகையணிந்த பெண்களை யானைமேல் ஏற்றி ஊருக்குச் சொன்னார்கள் என்கிறது சிலப்பதிகாரத்தின் மங்கல வாழ்த்துப் பாடல். கல்யாணத்துக்கு அது தகும். நலங்குக்கு யானை எதற்கு? ஆனால் இன்று நாம் அதைத்தான் செய்கிறோம். பந்தக்கால், நலங்கு, மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், வரவேற்பு எல்லாவற்றையும் ஒரே பத்திரிகையில் அடித்து ஊர் முழுக்கக் கொடுத்துவிடுகிறோம்.

விளைவு என்ன? நலங்குக்கு இருபது பேருக்குச் சமைத்த வீட்டில் அறுபது பேர் வந்து நிற்கலாம். அல்லது, "அட்டையில போட்டா ஆச்சா, வாய்விட்டுக் கூப்பிடலையே" என்று அத்தை முறை உள்ளவர் வராமலே இருந்துவிடலாம். ஊரை விட்டு வந்த நமக்கு இங்கே இருப்பதே நாலு உறவு. அதிலும் ஒன்று மனம் கோணினால் தாங்குமா?

பவானிபூரில் நம் அக்கம்பக்கத்தாரைப் பாருங்கள். குஜராத்திகள் அழைப்பிதழைக் கங்கோத்ரி என்பார்கள். குங்குமப் பத்திரிகை என்பதே அதன் பொருள். நாம் நாலு மூலையிலும் மஞ்சள் தடவுவதும் அந்த மங்கலம் கருதித்தான். வங்காளிகள் தலைப்பில் பிரஜாபதிக்கு வணக்கம் சொல்லி வண்ணத்துப்பூச்சி போடுவார்கள். அவர்கள் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல். கடைசியில், கடிதம் மூலம் அழைத்த குறையைப் பொறுத்துக்கொள்ளும்படி ஒரு வரி இருக்கும். நாமும் "நேரில் வந்து அழைத்ததாகக் கருதி" என்று அச்சிடுகிறோம். காகிதம் வாய்ச்சொல்லுக்கு ஈடாகாது என்பதை இரண்டு மொழியும் ஒப்புக்கொள்கின்றன.

ஆகவே பெரிய பத்திரிகையில் முகூர்த்தமும் வரவேற்பும் போதும். மாப்பிள்ளை அழைப்புக்குத் தனிச் சீட்டு அடித்து, வேண்டியவர்களின் உறையில் மட்டும் வைக்கலாம். நிச்சயதார்த்தம் முன்னதாகவே நடந்தால் அதற்கும் ஒரு சிறு அட்டை போதும். பந்தக்காலுக்கும் நலங்குக்கும் வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைப்பதே அழகு. வெளியூர்க்காரருக்கு முதலில் போன். வாட்ஸ்அப் படம் அதற்குப் பிறகு, ஞாபகத்துக்கு.

சீட்டில் நாள், இடத்தோடு சாப்பாட்டு நேரத்தையும் போடுங்கள். எங்கள் சமணர் வீடுகளில் பொழுது சாய்வதற்குள் உண்டுவிடுவோம். கார்த்திகை மாதம் கொல்கத்தாவில் ஐந்து மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். சம்பந்தி வங்காளி என்றால், நலங்கு அவர்களுடைய 'காயே ஹொலுத்' போன்றது என்று வங்காள எழுத்தில் ஒரு வரி சேருங்கள்.

எந்த வைபவத்துக்கு யார் யார் என்று முதலில் பட்டியல் எழுதுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் அதைப் படித்துக் காட்டுங்கள். அச்சகத்துக்குப் போவது அதற்குப் பிறகுதான்.