தூக்குவது வேறு, தாங்குவது வேறு
லொறி, உழவு இயந்திரம் திருத்துமிடத்துக்கு எதை வாங்குவது?

வலிகாமம் வடக்கிலிருந்து 1990 ஆம் ஆண்டு இடம்பெயர்ந்த எமது விவசாயக் குடும்பங்களுக்கு, 2009 ஆம் ஆண்டுக்குப் பின் காணிகள் பகுதி பகுதியாகத் திரும்பக் கிடைத்து வருகின்றன. சிலருடைய காணிகள் இன்னும் விடுபடவில்லை. ஊர் திரும்பியவர்களும், குத்தகைக் காணியில் தோட்டம் செய்பவர்களும் சில குடும்பங்களாகச் சேர்ந்து பழைய உழவு இயந்திரமோ லொறியோ வாங்குகிறார்கள். வளவில் ஒரு கொட்டில் போட்டு, வேலை தெரிந்த பிள்ளைகளைக் கொண்டு வாகனம் திருத்தும் தொழிலையும் தொடங்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

1990 களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் நாம். கிடைத்ததைக் கொண்டு சமாளிக்கும் அந்தத் திறமை எஞ்சினுக்கு நல்லது. ஆனால் ஆள் கீழே படுத்திருக்க மேலே நிற்கும் பாரத்துக்கு அது உதவாது. சீமெந்துக் கல்லும் பனங்குற்றியும் வைத்து லொறியை நிறுத்தும் பழக்கத்தை இனி நாம் விட்டுவிட வேண்டும்.

ஜக் எப்படித் தூக்குகிறது?

கிணற்றுத் துலாவை நாம் அறிவோம். நீண்ட கையில் சிறு பலம் கொடுத்தால் குறுகிய கையில் பெரும் பாரம் எழும். எண்ணெய் ஜக்கின் கைபிடியும் அவ்வாறே. அது 20 மடங்கு பலம் தருவதாக வைத்துக்கொள்வோம். 20 கிலோ பலத்தில் அமுக்கினால் உள்ளே 400 கிலோ பலம் கிடைக்கும். அங்கே 1 சென்ரிமீற்றர் விட்டமுள்ள சிறிய தண்டு எண்ணெயைத் தள்ள, 5 சென்ரிமீற்றர் விட்டமுள்ள பெரிய தண்டு மேலெழுகிறது. பரப்பு 25 மடங்கு. ஆகவே, உராய்வில் இழப்பதைக் கணக்கில் எடுக்காவிட்டால், 10,000 கிலோ, அதாவது 10 தொன், எழும்பும். 1795 ஆம் ஆண்டு ஆங்கிலேயரான ஜோசப் பிராமா உரிமம் பெற்ற நீரழுத்த இயந்திரத்தின் தத்துவம் இதுவே.

அந்த 10 தொன்னையும் பிடித்து வைத்திருப்பவை ஒரு றப்பர் வளையமும் சிறிய வால்வும்தான். வளையம் கிழிந்தால், வால்வில் தூசி அடைத்தால், பாரம் இறங்கிவிடும். ஆகவே ஜக் தூக்குவதற்கு மட்டுமே. தூக்கியதைத் தாங்க இரும்புத் தாங்கி வேண்டும். கராஜ்காரர் ‘ஸ்ராண்ட்’ என்பது இதைத்தான்.

எவ்வளவு பாரத்துக்கு?

முழு லொறியின் பாரத்தையும் ஜக் தூக்குவதில்லை. ஒரு அச்சின் பாரத்தையே தூக்குகிறது. சுமையோடு 16 தொன் வரும் இரண்டு அச்சு லொறியில் பின் அச்சுக்கு ஏறத்தாழ 10 தொன் வரும். சுமையை இறக்கிவிட்டுத் திருத்துவதே முறை. எனினும் சந்தைக்குப் போகும் வழியில் ரயர் வெடித்தால் சுமையோடும் தூக்க நேரும். ஆகவே 20 தொன் போத்தல் ஜக் ஒன்றும், சோடி 10 தொன்னுக்குக் குறையாத தாங்கிகளும் பொருத்தம். காற்றுப் போன ரயரோடு அச்சு எவ்வளவு தாழ்ந்து நிற்கிறது என்பதை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். அந்த இடைவெளிக்குள் நுழையாத ஜக் எத்தனை தொன்னானாலும் பயனில்லை.

பின் அச்சைத் தூக்கினால் கைப்பிறேக் பிடிக்கும் சில்லுகளே நிலத்தை விட்டுவிடும். எனவே முதலில் முன் சில்லுகளுக்கு இருபுறமும் தடைக்கட்டை வையுங்கள். தாங்கியை அச்சின் கீழ் இரு பக்கமும் வையுங்கள். மணல் கொட்டும் ரிப்பர் லொறியின் பெட்டியும் எண்ணெய் அழுத்தத்திலேயே மேலே நிற்கிறது. அதற்கு முட்டுக் கொடுக்காமல் ஒருவரும் தலையை உள்ளே நீட்டக்கூடாது.

உழவு இயந்திரத்துக்கு

மசி பேர்கசன் போன்ற உழவு இயந்திரங்களில் எஞ்சினும் கியர்பெட்டியும் பின்பகுதியும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டு, அவையே வண்டியின் முதுகெலும்பாக இருக்கின்றன. கிளச் மாற்ற வேண்டுமானால் வண்டியை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். பிரித்ததும் ஒவ்வொரு பாதிக்கும் தனித் தாங்கி தேவை. முன் அச்சு நடுவில் ஒரு ஊசியில் ஆடுவதால், பிரிக்குமுன் அதன் இருபுறமும் மர ஆப்பு இறுக்காவிட்டால் எஞ்சின் பக்கவாட்டில் சரியும். எஞ்சினை இறக்க 2 தொன் செயின் புளொக் போதும். ஆனால் அதை ஓட்டுக்கூரை வளையிலோ மரக்கொப்பிலோ தொங்கவிடக் கூடாது. அந்தப் பாரத்துக்கென்றே செய்த இரும்புச் சட்டம் வேண்டும்.

நிலம்

செம்மண் மாரியில் இளகும். ஜக் சரிந்தால் லொறியும் சரியும். வேலை செய்யும் இடத்துக்காவது கொங்கிறீற் தளம் போடுங்கள். முடியாதபோது தடித்த முதிரைப் பலகையில் இரும்புத் தகடு வைத்து அதன்மேல் ஜக்கை வையுங்கள். உட்குழிவான சீமெந்துக் கல் முன்னறிவிப்பின்றி நொறுங்கும். உருண்ட குற்றி உருளும்.

குழி வெட்டி அதன்மேல் லொறியை நிறுத்துவது மலிவுதான். ஆனால் எமது நிலம் சுண்ணக்கல். அதன் கீழுள்ள நீரையே நாம் குடிக்கிறோம். தாழ்ந்த இடங்களில் மாரியில் குழிக்குள் நீர் ஊறும். கழிவெண்ணெயும் அவ்வழியே கிணற்றுக்குப் போகலாம். சுன்னாகம் பகுதியில் கிணறுகளில் எண்ணெய் கலந்து மக்கள் பட்ட பாட்டை மறக்கலாகாது. அடியில் சீமெந்து பூசாத குழி வேண்டாம்.

பெரிய பஸ், லொறி வேலைத்தளங்களில் சில்லுக்கு ஒன்றாக நான்கு அல்லது ஆறு மின்தூண்கள் ஒன்றாக இயங்கி முழு வாகனத்தையும் உயர்த்தும். தினமும் பல லொறிகள் வராத இடத்தில் அந்தப் பணம் முடங்கிப்போகும். கார் தூக்கும் இரட்டைத் தூணை மலிவாகக் கிடைக்கிறதென்று லொறிக்கு வாங்குவது பெரும் ஆபத்து.

பழையதை வாங்கும்போது

தண்டில் கீறலோ எண்ணெய்க் கசிவோ உள்ளதா பாருங்கள். ஆள் கீழே போகாமல் பாரத்தை ஏற்றி, உயரத்தை அளந்து ஒரு மணி நேரம் விடுங்கள். இறங்கியிருந்தால் வாங்க வேண்டாம். ஜக்குக்கு அதற்குரிய எண்ணெயே விட வேண்டும். பிறேக் எண்ணெய் றப்பர் வளையத்தைக் கெடுக்கும்.

கையில் உள்ள பணம் கொஞ்சமானால் இந்த ஒழுங்கில் வாங்குங்கள்: முதலில் தடைக்கட்டைகள், பின் ஒரு சோடி தாங்கி, பின் ஜக், கடைசியாகச் செயின் புளொக்கும் சட்டமும். பலர் ஜக்கை முதலில் வாங்கிவிட்டு, தாங்கியை ‘அடுத்த போகத்துக்கு’ என்று தள்ளிவைக்கிறார்கள். காணியையும் வீட்டையும் இழந்து மீண்டும் தொடங்கும் குடும்பத்துக்கு உழைக்கும் கை ஒன்றுதான் முதல். அந்தக் கை லொறியின் கீழ் இருக்கும்போது, மேலே இருப்பதை எது தாங்குகிறது என்று ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.