மாடு: செல்வமும் விலங்கும் – ஒரு சொற்பொருள் ஆய்வு

‘மாடு’ என்னும் சொல்லுக்குப் பக்கம், இடம், செல்வம், பொன், கால்நடை எனப் பல பொருள்கள் உண்டு. இவற்றுள் செல்வத்தையும் கால்நடையையும் இணைத்து, ஆநிரையே பண்டைத் தமிழரின் செல்வமாக இருந்தமையால் விலங்கின் பெயர் செல்வத்திற்கு ஆகிவந்தது என விளக்குவது பெருவழக்கு. இலத்தீனில் கால்நடையைக் குறிக்கும் ‘பெகூஸ்’ என்பதிலிருந்து பணத்தைக் குறிக்கும் ‘பெகூனியா’ பிறந்தது இதற்குத் துணையாகக் காட்டப்படும். விளக்கம் எளிது, கேட்பதற்கும் இனிது. ஆயினும் தமிழ் நூற்சான்றுகள் எதிர்த்திசையையே காட்டுகின்றன.

திருக்குறள் ஒன்றே இதனைத் தெளிவாக்கப் போதுமானது. இவ்விலங்கைக் குறிக்க வள்ளுவர் ஒரு சொல்லோடு அமையவில்லை. 59ஆம் குறளில் ஏறு என்றும், 273இல் பெற்றம் என்றும், 560, 1066 ஆகியவற்றில் ஆ என்றும், 624இல் பகடு என்றும் ஆள்கிறார். ‘மாடு’ என்னும் சொல் கல்வி அதிகாரத்தின் இறுதிக் குறளில் (400) வருகிறது. அங்கு அதன் பொருள் செல்வம். கல்வியை அழிவில்லாச் செல்வமாகவும் ஏனையவற்றைச் செல்வமல்லாதனவாகவும் கூறும் அவ்விடத்தில் விலங்குப் பொருளுக்கு இடமேயில்லை.

தொல்காப்பிய மரபியலின் நிலையும் இதுவே. விலங்குகளின் இளமைப்பெயர், ஆண்பாற்பெயர், பெண்பாற்பெயர்களை விரிவாக வகுக்கும் அவ்வியலில் ஆ, எருமை, பெற்றம் ஆகியன பேசப்படுகின்றன. ‘மாடு’ அவ்வரிசைகளில் இல்லை. நிரை கவரும் போரும் ‘ஆகோள்’ எனப்பட்டதேயன்றி ‘மாடுகோள்’ எனப்படவில்லை. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமி நடுகல்லிலும் ‘ஆகோள்’ என்றே பொறிக்கப்பட்டுள்ளது.

நூல்களில் இடம்பெறாமை, வழக்கில் இல்லாமைக்கு முழுச்சான்று ஆகாது. பேச்சு வழக்கில் விலங்குப் பொருள் முன்பே இருந்து, புலவர்கள் அதனை ஏலாது ஒதுக்கியிருக்கலாம் என்னும் மறுப்பு எழக்கூடும். மலையாளத்திலும் ‘மாடு’ கால்நடையைக் குறிப்பதால் இம்மறுப்பை எளிதில் தள்ளிவிட இயலாது. எனினும், விலங்குப் பொருளே மூலமாயின், அதிலிருந்து கிளைத்த செல்வப் பொருள் செய்யுளில் நிலைபெற்றபோது மூலப்பொருள் மட்டும் மறைந்து கிடந்தது எனக் கொள்ள வேண்டிவரும். அது இயல்பான விளக்கமன்று.

உடைமையைக் குறித்த சொல் விலங்கிற்கு ஆகிவருதல் உலக மொழிகளில் அரிதுமன்று. ஆங்கிலத்தின் ‘கேட்டில்’, சொத்து எனப் பொருள்படும் இடைக்கால இலத்தீனின் ‘கபிடாலே’ என்பதன் வழிவந்தது. ஸ்பானியத்தில் ‘ஈட்டப்பட்டது’ எனப் பொருள்பட்ட ‘கனாதோ’ இன்று கால்நடையைச் சுட்டுகிறது. அண்டை மொழியான கன்னடத்திலோ சான்று இன்னும் நெருக்கமானது: மாட்டைக் குறிக்கும் ‘தன’, செல்வம் எனப் பொருள்படும் வடசொல்லாகிய ‘தனம்’ என்பதன் திரிபு. பெருவழக்கு விளக்கம் சார்ந்து நிற்கும் இலத்தீன் எடுத்துக்காட்டும் உறுதியானதன்று. இந்தோ-ஐரோப்பியச் சொல்லின் முதற்பொருள் அசையும் சொத்து என்பதே. கால்நடை என்பது பின்னர் நேர்ந்த பொருட்குறுக்கம் என எமில் பென்வெனிஸ்ட் 1969இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டுள்ளார்.

உடைமையாக எண்ணிக் கணக்கிடும் வழக்கமே விலங்கைச் செல்வத்தின் பெயரால் அழைக்க வழிவகுத்திருக்கலாம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு நந்தா விளக்கிற்கு 96 ஆடுகள் ஒதுக்கப்பட்டன. 48 பசுக்களோ 16 எருமைகளோ அவற்றுக்கு ஈடாகக் கொள்ளப்பட்டன. ‘சாவா மூவா’ என்னும் அடையும் அவற்றின் எண்ணிக்கை என்றும் குறையாத முதலாகக் கருதப்பட்டதையே காட்டும்.

செல்வமே மூலப்பொருளாயின் ஆட்டை விலக்கி மாட்டினத்தில் மட்டும் இச்சொல் நிலைத்தது ஏன் என்று வினவலாம். ‘கேட்டில்’ என்பதும் முற்காலத்தில் ஆடு, குதிரை, பன்றி அனைத்தையும் தழுவி நின்று, பின்னரே மாட்டினத்திற்குச் சுருங்கியது. உழவிற்கும் போரடிப்பிற்கும் வண்டிக்கும் எருதையே நம்பிய சமூகத்தில் இத்தகைய குறுக்கம் வியப்பிற்குரியதன்று.

இன்றைய கூட்டுச்சொற்களிலும் பழைய பொருளின் சுவடு எஞ்சியிருக்கக் கூடும். பசுமாடு, காளைமாடு, எருமைமாடு ஆகியவற்றுள் முதற்சொல்லே விலங்கை முழுமையாகச் சுட்டிவிடுகிறது. எருமை என்ற பின் மாடு என்பது மிகை. அங்கு ‘மாடு’ இன்ன வகை உடைமை எனத் தொகுத்துச் சுட்டும் பொதுப்பெயராகவே தொடங்கியிருத்தல் கூடும். இவற்றுள் ‘பசுமாடு’ தனித்த சுவையுடையது. வடமொழியில் கால்நடைப் பொதுப்பெயராக இருந்து தமிழில் ஆவிற்கு மட்டும் உரியதாகச் சுருங்கிய ‘பசு’, இலத்தீனின் ‘பெகூஸ்’ என்பதற்கு உடன்பிறப்பு.