நூல் நிலையத்தில் வர்ணஞ் சிந்தல்

1947ஆம் ஆண்டளவில் அமெரிக்க ஓவியர் ஜக்சன் பொலொக், கித்தானை நிலத்திலே விரித்து, நாற்புறமுஞ் சுற்றி நடந்து, வீட்டுக்குப் பூசும் எனாமல் வர்ணத்தைக் குச்சியினாற் சொட்டவிட்டு ஓவியஞ் செய்யலானார். இன்ன பொருளென்று சுட்டவியலாத அவ்வோவியங்களைச் சிறுபிள்ளைக் கிறுக்கலென்று எள்ளியோர் பலர். எள்ளலாயினும், இம்முறை சிறுவர்க்கு இயல்பாகப் பொருந்துமென்பது அதனாலேயே பெறப்படும். தான் வரைந்த மாம்பழம் மாம்பழம்போல் அமையவில்லையென நாணித் தாளை மறைக்கும் பிள்ளைக்கு, ஒப்புமை நோக்கப் பொருளே இல்லாதவிடத்து அஞ்சுதற்கு யாதுமில்லை.

நூல் நிலையத்தார் அஞ்சுவது நூல்களையிட்டேயாம், அவ்வச்சம் நியாயமானதே. ஆதலின் இவ்வேலைக்கு ஏற்ற இடம் அலுமாரிகளுக்கு அப்பாலுள்ள விறாந்தையாகும். நிலத்திலே பழைய பத்திரிகைத் தாள்களைத் தடிப்பாகப் பரப்பி, நீரிற் கழுவக்கூடிய வர்ணத்தையே கொடுத்தல் வேண்டும். எனாமல் பிள்ளைகட்கு ஆகாது. வர்ணம் கஞ்சிப் பதத்தில் இருத்தல் நன்று. நீர்த்தால் ஒன்றோடொன்று கலந்து சேறாகும்; இறுகினாற் குச்சியினின்றும் வீழாது. வாளியும் நீரும் வாயிலிலேயே இருக்க, கைகழுவிய பின்னரே உள்ளே புகவிடுதல் முறை.

“இது யாது?” என ஆசிரியர் வினவுதல் பெரும்பிழை. வினவியவுடனே பிள்ளை யானையென்றோ வீடென்றோ கூறித் தப்ப முயலும். அகன்றிருந்த ஒப்புமை மீண்டும் வந்து புகும். எவ்வர்ணத்தை முதலிற் சிந்தினாய் எனக் கேட்பின் பேச்சுத் தானே பெருகும். முடிந்த படங்களைக் கொடியிலே தொங்கவிடின் ஈரவர்ணம் வழிந்தோடும். ஓரிரவு நிலத்திலே கிடந்து உலரவிடுதலே தகும்.