கர்ப்பிணிக்கு இரும்புச்சத்து... கீரை மட்டும் போதுமா?

பெரம்பூரில் மாடித்தோட்டம் வைத்திருக்கும் வாசகி ஒருவரின் கேள்வி இது: ‘என் மருமகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. ஹீமோகுளோபின் 9.2 என்கிறார்கள். சத்து மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகிறது, மலச்சிக்கலும் வருகிறது என்று பயப்படுகிறாள். மாத்திரையை நிறுத்திவிட்டு, மாடியில் விளையும் முருங்கைக்கீரையை தினமும் கொடுக்கலாமா?’

கீரையைக் கொடுக்கலாம். மாத்திரையை நிறுத்தக் கூடாது.

கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 7 முதல் 9.9 வரை நடுத்தர நிலை. 7-க்குக் கீழே போனால் தீவிர நிலை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. 2015-16 ஆய்வில் இது 44.4 சதவிகிதம். குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை, பிரசவ ரத்தப்போக்கைத் தாங்க முடியாத நிலை எனப் பல ஆபத்துகளுக்கு இதுதான் தொடக்கம்.

வயலில் பார்த்த கதைதான்

சுண்ணாம்பு மண்ணில் நிலக்கடலையின் இளம் இலைகள் மஞ்சளாக வெளுக்கும். மண்ணில் இரும்பு இருந்தும், வேரால் எடுக்க முடியாததே காரணம். 1 சதவிகித அன்னபேதிக் கரைசலை இலையில் தெளித்தால் பச்சை திரும்பும்.

உடலிலும் இதே கதைதான். கீரை, தானியங்களில் உள்ள இரும்பில் சிறு பங்குதான் உடலில் சேரும். டீ, காபியில் உள்ள துவர்ப்புப் பொருட்கள் அதையும் கட்டிப்போட்டுவிடும். எலுமிச்சை, நெல்லி, கொய்யாவில் உள்ள வைட்டமின் சி, இரும்பு உடலில் சேர உதவும்.

100 கிராம் முருங்கைக்கீரையில் சுமார் 4.6 மில்லிகிராம் இரும்பு உண்டு. கர்ப்பிணியின் ஒரு நாள் தேவை 27 மில்லிகிராம். அரசு தரும் மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இருக்கிறது. ரத்தசோகை வந்த பிறகு, கீரை துணை உணவுதான், மாத்திரைதான் மருந்து.

உள்ளே தெறிக்கும் பொறிகள்

செல்களில் ஆக்சிஜன் எரிந்து சக்தி உண்டாகும்போது தீப்பொறி போல சில வேதிப்பொருட்கள் தெறிக்கும். அவை அளவு மீறினால் ‘ஆக்சிஜனேற்ற அழுத்தம்’. நஞ்சுக்கொடி ஓயாமல் வேலை செய்வதால், கர்ப்பகாலத்தில் இந்தப் பொறிகள் இயல்பாகவே அதிகம். அவற்றை அணைக்கும் ‘கேட்டலேஸ்’ என்ற நொதிக்கும் இரும்பு வேண்டும். இரும்பு குறைந்தால் இந்தப் பாதுகாப்பும் குறையும். ரத்தச் சிவப்பணுக்கள் எளிதில் சேதமாகும்.

இரும்பு அளவுக்கு மிஞ்சினாலும் பொறிகள் பெருகும். அதனால், மாத்திரையோடு டானிக்கும் சேர்த்துக் குடிப்பதாக இருந்தால், முதலில் செவிலியரிடம் காட்ட வேண்டும்.

இலையில் பிறந்த மருந்து

1931-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், சென்னை கோஷா ஆஸ்பத்திரியில் (இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை) கர்ப்பகால ரத்தசோகையை ஆராய்ந்தார். முன்னதாக, பம்பாயில் ஆலைத் தொழிலாளர் பெண்களிடம், ஈஸ்ட் சாறு ஒருவகை ரத்தசோகையைக் குணமாக்குவதைக் கண்டிருந்தார். அந்தச் சத்துதான் ஃபோலிக் அமிலம். 1941-ல் பாலக்கீரையிலிருந்து பிரித்தெடுத்து, லத்தீனில் ‘இலை’ என்று பொருள்படும் சொல்லால் பெயரிட்டார்கள். இன்றைய சத்து மாத்திரையில் இரும்போடு இருப்பதும் அதுதான்.

வீட்டில் செய்ய வேண்டியவை

* நான்காம் மாதத்திலிருந்து குறைந்தது 180 நாள் மாத்திரை அவசியம். ரத்தசோகை இருந்தால் அளவை மருத்துவர் கூட்டுவார். மாநகராட்சி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கும்.

* மலம் கறுப்பது இயல்பு, பயம் வேண்டாம். மலச்சிக்கலுக்குத் தண்ணீர், பழம், கீரை உதவும். தொந்தரவு நீடித்தால் மருத்துவரிடம் சொல்லலாம்.

* டீ, காபிக்கும் மாத்திரைக்கும் ஒரு மணி நேரம், கால்சியம் மாத்திரைக்கு இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும்.

* கீரையை இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியலாம். அசைவம் சாப்பிடுபவர்களுக்கு, நன்கு வெந்த மீனும் சுவரொட்டியும் எளிதில் சேரும் இரும்பைத் தரும்.

* பி.கே.எம்-1 செடிமுருங்கையைப் பெரிய டிரம்மில் வைத்து, 75 சென்டிமீட்டர் உயரத்தில் நுனியைக் கிள்ளினால் பக்கக்கிளைகள் வெடித்து நிறைய கீரை கிடைக்கும்.

* போக்குவரத்தும் ஆலைகளும் மிகுந்த வடசென்னையில் சாலையோர மண்ணைத் தொட்டியில் நிரப்ப வேண்டாம். மண்ணில் காரீயம் இருந்தால் அது ஹீமோகுளோபின் உருவாவதையே தடுக்கும். தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் நல்லது.

* உரக்கடை அன்னபேதி பயிருக்கு மட்டும்தான். மனிதர்கள் சாப்பிடக் கூடாது.

ஒரு மாதம் கழித்து ரத்தத்தை மறுபடி பரிசோதிக்க வேண்டும். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் அளவு ஏறவில்லை என்றால், காரணம் வேறாக இருக்கலாம். அதை மருத்துவர்தான் கண்டறிய வேண்டும்.