தனிக்கடை போட்டால் கணக்கு என்னவாகும்?



நம் காந்தி மார்க்கெட் மண்டிகளிலும் சரி, ஸ்ரீரங்கம் மளிகைக் கடைகளிலும் சரி, ஜி.எஸ்.டி. கட்டும் தேதி நெருங்கினால் ஒரு பேச்சு எழுகிறது. "நாம் கட்டுவது மலையளவு, திரும்பி வருவது கையளவு. இதற்குத் தனியாகவே இருந்துவிடலாமே!" என்பார் ஒருவர். "அண்ணாவே கேட்டுவிட்டுக் கைவிட்டதுதானே?" என்பார் மற்றவர். அன்று கேட்டது ஏன், விட்டது ஏன் என்பதை வியாபாரி என்ற முறையில் பார்க்க விரும்புகிறோம். நம் சங்கத்தில் எல்லாக் கட்சியினரும் உண்டு. ஆகவே கட்சிக்கணக்கை ஒதுக்கிவிட்டுக் கடைக்கணக்கை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

கோரிக்கையும் வாதமும்

1938-ல் "தமிழ்நாடு தமிழருக்கே" என்று முழங்கினார் பெரியார். அடுத்த ஆண்டு அது திராவிட நாடு கோரிக்கையாக விரிந்தது. 1949-ல் தோன்றிய தி.மு.க. அதை ஏற்று நடத்தியது. தேர்தலில் நிற்பது என்று அக்கட்சி முடிவெடுத்தது 1956 மே மாதம் நம் திருச்சியில் கூடிய மாநாட்டில்தான். 1962-ல் அண்ணா மாநிலங்களவையிலேயே எழுந்து பிரிவினைக் கோரிக்கையை எடுத்துரைத்தார்.

"வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது" என்பது அவர்களின் பொருளாதார வாதம். ஆலைகளும் முதலும் திட்டப் பணமும் வடக்கே குவிகின்றன, தெற்கு அவர்கள் சரக்கை விற்கும் சந்தையாகவே இருக்கிறது என்றார்கள். பிரிந்தால் சந்தை சுருங்கும், பாதுகாப்புச் செலவு பெருகும் என்பது மறுதரப்பாரின் பதில். மேலும் 1956 நவம்பர் 1-ல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபின் ஆந்திரமும் கேரளமும் கன்னடமும் தம் வழியே சென்றன. பங்காளிகளே கையெழுத்திடாத பத்திரமாக அந்தக் கோரிக்கை நின்றது.

நான்கு கேள்விகள்

அண்ணன் தம்பி சேர்ந்து நடத்தும் கடை பிரிகிறது என்றால் நாம் என்ன கேட்போம்? கல்லா யாரிடம்? பழைய கடன் யார் தலையில்? கொள்முதல் எந்த வழியில்? வரவு நிலையானதா? நாடு பிரிந்தாலும் கேள்விகள் இவையே.

கல்லா என்பது நாணயம். நம் பக்கத்துப் புதுக்கோட்டை 1948 மார்ச் 3 வரை தனிச் சமஸ்தானம். அம்மன் காசு என்று சொந்தக் காசும் வைத்திருந்தது. ஆனாலும் பெரிய கொடுக்கல் வாங்கல் எல்லாம் பிரிட்டிஷ் இந்திய ரூபாயில்தான். 1947-ல் பிரிந்த பாகிஸ்தானுக்கும் 1948 ஜூன் வரை நம் ரிசர்வ் வங்கியே நாணயம் பார்த்தது. 1949 செப்டம்பரில் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தது, பாகிஸ்தான் குறைக்கவில்லை. அவர்களின் 100 ரூபாய்க்கு நாம் 144 ரூபாய் தர வேண்டியதாயிற்று. சணல் விளையும் வயல்கள் அந்தப் பக்கம், கல்கத்தா சணல் ஆலைகள் இந்தப் பக்கம். வியாபாரம் ஏறக்குறைய நின்றே போனது. 1951-ல் ஒப்பந்தம் ஏற்பட்ட பிறகே மீண்டும் நடந்தது.

அடுத்தது கடன். பாகிஸ்தானுக்குச் சேர வேண்டிய ரொக்கம் 75 கோடி ரூபாய் என்று பேசி முடித்தார்கள். முதலில் 20 கோடி கொடுக்கப்பட்டது. மீதி 55 கோடி, தகராறில் நின்று, காந்தியடிகளின் உண்ணாவிரதத்தின்போது 1948 ஜனவரியில்தான் விடுவிக்கப்பட்டது. பிரிவினைக்கு முந்தைய கடனில் அவர்கள் பங்கோ, 300 கோடி ரூபாய் பாக்கி என்று நம் பட்ஜெட் ஏடுகளில் நெடுங்காலம் நின்றது. வராக்கடன் எப்படி இருக்கும் என்று நமக்குச் சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது கொள்முதல். நம் கடைச் சரக்கையே பாருங்கள். துவரம்பருப்பு குல்பர்கா, லாத்தூர் பக்கம், சீரகம் குஜராத்தின் உஞ்சா, மிளகாய் வற்றல் குண்டூர், வெங்காயம் நாசிக், கடுகு ராஜஸ்தான். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வரும்வரை மாநில எல்லைச் சோதனைச் சாவடிகளில் லாரிகள் எத்தனை மணி நேரம் காத்துக் கிடந்தன என்பது நாம் பட்ட பாடு. மாநில எல்லைக்கே அந்தப் பாடு என்றால், நாட்டெல்லை என்று ஆகிச் சுங்கமும் நாணய மாற்றும் வந்தால், அந்தச் செலவு கடைசியில் கால் கிலோ பருப்பு வாங்குகிறவர் தலையில்தான் விழும்.

ஸ்காட்லாந்து கண்டது

நான்காவதான வரவுக்கு வெளிநாட்டுச் சான்று உண்டு. பிரிட்டனிலிருந்து பிரிவதா என்று ஸ்காட்லாந்து மக்கள் 2014 செப்டம்பர் 18-ல் வாக்களித்தார்கள். எங்கள் கடலில் எண்ணெய் இருக்கிறது, எங்களைப் பற்றி நாங்களே முடிவு செய்வோம் என்றது ஒரு தரப்பு. பவுண்டு நாணயத்தைப் பங்கிட்டுக்கொள்ள மாட்டோம் என்றது லண்டன். அப்படியானால் கடனில் பங்கேற்க மாட்டோம் என்றது எடின்பரோ. சில பெரிய கடை நிறுவனங்கள் ஸ்காட்லாந்தில் விலை ஏறலாம் என்றன. வீண் மிரட்டல் என்றனர் பிரிவினை கேட்டவர்கள். முடிவில் 55 சதவீதம் பேர் பிரிய வேண்டாம் என்றனர்.

அந்த ஆண்டின் நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்ற எண்ணெய், 2015 ஜனவரியில் 50 டாலருக்கும் கீழே இறங்கியது. ஒரே சரக்கை நம்பிக் கடை திறப்பவருக்கு இது பாடம். ஆனால் கேட்டது வீணாகவில்லை. வருமான வரி விகிதத்தைத் தாமே நிர்ணயிக்கும் உரிமை முதலியவை 2016-ல் அவர்களுக்குச் சட்டமாகக் கிடைத்தன.

நடுவழி

நம் நாட்டிலும் ஏறக்குறைய அப்படியே. 1962-ல் சீனப் போர் வந்தது. 1963-ல் பதினாறாவது அரசியல் சட்டத் திருத்தப்படி, தேர்தலில் நிற்பவர்கள் நாட்டின் ஒருமைப்பாட்டைக் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டியதாயிற்று. தி.மு.க. கோரிக்கையைக் கைவிட்டது. ஆனால் அதற்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்றார் அண்ணா. பிறகு 1969-ல் ராஜமன்னார் குழு, 1970-ல் நம் திருச்சி மாநாட்டில் மாநில சுயாட்சி முழக்கம், 1974-ல் சட்டமன்றத் தீர்மானம், 2025-ல் நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் இன்னொரு குழு என்று அந்த வழக்கு நடந்து வருகிறது.

காரணங்கள் இருப்பது உண்மையே. 2021-26 காலத்துக்கு மாநிலங்களுக்கான வரிப் பங்கில் தமிழ்நாட்டுக்கு 15-ஆவது நிதிக்குழு ஒதுக்கியது 4.079 சதவீதம். 2011 கணக்கெடுப்பின்படி நம் மக்கள்தொகை நாட்டில் ஏறக்குறைய 6 சதவீதம். ஏழை மாநிலங்களுக்குக் கூடுதலாகத் தர வேண்டும் என்ற நியாயமும் உண்டு. எவ்வளவு கூடுதல் என்பதில்தான் வழக்கு. ஜி.எஸ்.டி. கவுன்சிலிலோ மூன்றில் ஒரு பங்கு வாக்கு மத்திய அரசுக்கு. முடிவெடுக்க முக்கால் பங்கு வேண்டும். அதனால் மத்திய அரசு ஒப்பாமல் அங்கே எதுவும் நடக்காது.

ஆகவே, கல்லாவில் யாராவது பிரிவினை பேசினால் கோபப்பட வேண்டாம், கை தட்டவும் வேண்டாம். மேற்கண்ட நான்கு கேள்விகளைக் கேளுங்கள். தனிக்கடை வேண்டாம் என்பவன் பங்கைக் கேட்காமல் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கூட்டுக்கடையில் இருந்துகொண்டே பேரேட்டைப் புரட்டி, "என் பங்கு எங்கே?" என்று கேட்பதுதான் நமக்குத் தெரிந்த வியாபாரம்.