ரிங் படியும் வரை: ரீபோர் செய்த அம்பாசடருக்கு முதல் எண்ணெயை ஏன் சீக்கிரம் மாற்றுகிறார்கள்?

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் பழைய அம்பாசடரில் இருந்த 1489 சிசி பெட்ரோல் எஞ்சினை ரீபோர் செய்து (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி) மாட்டும்போது, சிலிண்டர் சுவரில் ஹோனிங் கல் குறுக்குமறுக்காக விட்டுச்சென்ற நுண்கீறல்களின் முகடுகள் பிஸ்டன் ரிங்கோடு உரசித் தேய்ந்த பிறகே இரண்டும் கசிவின்றிப் பொருந்துகின்றன. ‘ரன்னிங்-இன்’ எனப்படுவது இதுவே. ரிங்கைச் சுவரோடு அழுத்துவது பெரும்பாலும் எரியும் வாயுவின் அழுத்தமே என்பதால், வேலூர் லாங் பஜார் நெரிசலில் ஊர்வதைவிட, ஆம்பூர் செல்லும் நெடுஞ்சாலையில் வேகத்தை ஏற்றியும் இறக்கியும் மிதமான சுமையோடு ஓட்டுவதே நல்லது. ‘மெதுவாகவே ஓட்டு’ என்ற பழைய அறிவுரை பாதிதான் சரி.

தேய்ந்த உலோகத்தூள் எண்ணெயில் கலக்கிறது. அதை ஃபில்டர் பிடித்துக்கொண்டாலும், எண்ணெய் குளிர்ந்து தடித்திருக்கும்போதோ ஃபில்டர் அடைபட்டாலோ, பேரிங் வறண்டுவிடாதபடி பைபாஸ் வால்வு திறந்து வடிகட்டாத எண்ணெயையே அனுப்பிவிடும். ஆகவே முதல் எண்ணெயையும் ஃபில்டரையும் சுமார் 800 கிலோமீட்டருக்குள் மாற்றிவிடுகிறார்கள்.